சிஸ்டர் தந்த சீட்டு

ஒரு வட்டம் போட்டுக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் சரியான பதில் எது? ஓ-வா, பூஜ்யமா, வெறும் வட்டமா? பி.எஸ்ஸி. படித்திருக்கிறேன். இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மகள் ஸ்டெல்லா நாலு வயதில் சொன்ன பதில் இந்த மூன்றிலும் சேராது.

எல்லாம் என் கணவர் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த மேஜிக் சிலேட்டால் வந்தது. கறுப்பு மெழுகு அட்டை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் சீட்டு, கூடவே மையில்லாத குச்சி. குச்சியால் எழுதினால் எழுத்து தெரியும். சீட்டைத் தூக்கினால் 'பர்ர்' என்று எல்லாம் மறைந்துவிடும். 'அ, ஆ' சொல்லிக்கொடுக்கத்தான் எடுத்தேன். 'ஆ' வருவதற்குள் அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. சரி, குச்சி பிடிக்கவாவது பழகட்டும் என்று கட்டம் போட்டு எக்ஸ்-ஓ விளையாடக் கற்றுக்கொடுத்தேன். நான் ஓ, அவள் எக்ஸ். (அவளுக்காகத்தான் விளையாடினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் சோறு குழைந்ததற்கு வேறு காரணம் சொல்ல முடியாது.)

ஒருநாள் குச்சி தொலைந்தது. நான் ஜெயிக்கப்போகும் ஆட்டம் அது. அவசரத்தில் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி ஓ போட்டேன். சீட்டு கிழிந்தது. ஸ்டெல்லா ஓவென்று அழுதாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தருமபுரி கான்வென்ட்டில் எல்.கே.ஜி. இன்டர்வியூ. "நல்லம்பள்ளி பள்ளிக்கூடத்துக்கு இன்னா கொறச்சலாம்? ரோட்டுல போற லாரியெல்லாம் தாண்டி இவ்ளோண்டு புள்ளைய அனுப்பணுமா?" என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றார். நான் விடவில்லை. கடைசியில், "சரி, நீயே கூட்டிட்டுப் போ. கெடைக்கலைன்னா நம்மூர்லதான்" என்றார். அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. ஸ்டெல்லாவுக்குத் தலைசீவும்போதெல்லாம் ஒரே பாட்டுதான்.

"சிஸ்டர் கேக்கறதுக்கெல்லாம் சமத்தா பதில் சொல்லணும். அப்பத்தான் சீட்டு குடுப்பாங்க."

"புது சீட்டாம்மா?"

"ஆமா."

"பெருசா இருக்குமா?"

"பெரிய சீட்டுதான். எல்லாருக்கும் கெடைக்காது."

(குழந்தைக்கு எவ்வளவு ஆர்வம் என்று பூரித்துப்போனேன்.)

சிஸ்டரின் அறையில் பெரிய மேசை. அதன்மேல் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் சீட்டு விரித்து, அடியில் அந்தோணியார் படமும் காலண்டரும் வைத்திருந்தார். மேலே மாதா சொரூபம், மைப்புட்டி, ஆவி பறக்கும் காபி. சிஸ்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, "பாப்பா, இது என்ன?" என்றார்.

ஸ்டெல்லா மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, பக்கத்தில் ஓர் எக்ஸ் போட்டாள்.

சிஸ்டர் இன்னொரு வட்டம் போட்டார். இவள் முதல் எக்ஸுக்குக் கீழே இன்னொன்று. மூன்றாவது வட்டத்துக்கு மூன்றாவது எக்ஸ். அப்புறம் மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"சிஸ்டர், நீங்க அவுட்டு!"

சிஸ்டர் பொறுமையாக என் பக்கம் திரும்பினார். "புள்ள சுறுசுறுப்பாத்தான் இருக்கா. ஆனா இந்த வருசம் சீட்டு ரொம்ப கஷ்டங்க. எங்ககிட்ட இல்லை."

"இதோ இருக்குதே!" என்றாள் ஸ்டெல்லா. மேசைமேல் இருந்த சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு.

சிஸ்டர் பாய்ந்து மாதாவைப் பிடித்தார். நான் "சேசுவே!" என்று கத்தினேன். அதைத் தவிர நான் உருப்படியாக எதையும் செய்யவில்லை. மைப்புட்டி உருண்டது. காபி முழுவதும் சிஸ்டரின் வெள்ளை அங்கியில்.

"எதுக்கும்மா இழுத்தே?" சிஸ்டரின் குரல் மிக மெதுவாக இருந்தது.

"சமத்தா பதில் சொன்னா நீங்க பெரிய சீட்டு குடுப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க. எங்க வூட்டு சீட்டைத்தான் அம்மா கொண்டை ஊசியில கிழிச்சிட்டாங்களே!"

சிஸ்டர் என் கொண்டையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மேஜிக் சிலேட்டு, குச்சி, குழைந்த சோறு எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சோற்றை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த இடத்தில்தான் சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. மாதாவை மார்போடு அணைத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சீட்டு கெடைச்சவங்கள்ல யாராவது வராம இருந்தா கூப்பிடறேன்னு சொல்ல இருந்தேன். இவளை விட்டா வேற ஸ்கூல்ல போய் இன்னா இழுப்பாளோ! ஜூன்ல கொண்டாந்து விடுங்க. மை கொட்டின இந்த சீட்டு இனி எனக்கு எதுக்கு? ரெண்டு சீட்டையும் அவளே வச்சிக்கட்டும்."

வீட்டு வாசலிலேயே மாமனார் கேட்டார்: "சீட்டு கெடச்சுதா?" நான் வாயைத் திறப்பதற்குள், ஸ்டெல்லா சுருட்டிப் பிடித்திருந்ததை அவர் காலடியில் விரித்துக் காட்டினாள். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. கோயில் திருவிழாவுக்கு யார் வந்தாலும் மாமனார் அவளை முன்னால் நிறுத்திவிடுவார். "ஒரே இன்டர்வியூவுல ரெண்டு சீட்டு வாங்குனவ எம் பேத்தி!"

வருகிற ஜூனில் என் சின்னவனுக்கு அதே கான்வென்ட், அதே சிஸ்டர். 'சீட்டு' என்ற சொல்லை வீட்டில் நான் உச்சரிப்பதே இல்லை. 'இடம்' என்று சொல்லிப் பார்த்தேன். தாத்தா தினமும் தருமபுரியில் எடம் வாங்கும் கதை பேசுவதால், "கெணறு இருக்குமா?" என்கிறான். 'அட்மிஷன்' என்றால் அழுகிறான். போன மாதம் அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட்டிருந்தோம். வாசகர்களே, வேறு ஏதாவது வார்த்தை தெரிந்தால் தயவுசெய்து ஜூனுக்குள் எழுதுங்கள்.