குளிர் மண்டலத்துக் கன்று

ஊரப்பாக்கத்தில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். ஆனந்தன் ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு, ஏசி அறையில் பேரிக்காய்க் கன்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். கன்றிலிருந்து இன்னொரு இலை விழுந்தது.

வேறு கன்றாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பான். இது மாமனார் வைத்த பரீட்சை. பிரசவத்துக்குக் குன்னூர் போன ஹெலன், குழந்தையோடு இன்னும் அங்கேயே இருக்கிறாள். மாமனார் ஆசீர்வாதம் தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனுஷர்களையும் செடியாகத்தான் பார்ப்பார். போன மாதம் மனைவி மார்கரெட்டோடு வந்து இறங்கியவர், கன்றைப் பால்கனியில் வைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"ஒவ்வொரு செடிக்கும் ஒரு மண்டலம் இருக்கு மாப்ள. இது உறைபனியைத் தாங்கும், உங்க ஊர் வெயிலைத் தாங்காது. என் பேத்தியும் அப்படித்தான். மே கடைசியில வருவேன். இது உயிரோட இருந்தா குழந்தையை அனுப்பறேன். இல்லேன்னா வேலையை விட்டுட்டு நீங்க மலைக்கு வாங்க."

குன்னூரில் ஆனந்தன் பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை கிடையாது. செடி விஷயத்திலோ, கறிவேப்பிலையையும் வேப்பிலையையும் பிரித்துச் சொல்லத் தெரியாத ஆள். பாவம், தலையாட்டினான்.

மறுநாள் காலையில் பையோடு கீரை வாங்கப் போய் வந்த மார்கரெட் அத்தை, ஊருக்குக் கிளம்பும்போது மெல்லச் சொன்னார்.

"ரொம்ப மெனக்கெடாதீங்க மாப்ள. வெயில்ல போட்டுத் தண்ணி ஊத்துங்க, போதும். மாமாவுக்குப் போட்டோ மட்டும் அனுப்பாதீங்க. அவர் வரும்போது நான் பேசிக்கறேன்."

அப்பாவி அத்தை, அவருக்கு மண்டலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு கன்றை ஏசிக்குள் தூக்கி வைத்தான்.

இலை மஞ்சளாயிற்று. கீழ் வீட்டு அப்துல் கையூம் மேலே வந்துவிட்டார்.

"சார், உங்க ஏசித் தண்ணி எங்க பால்கனில ஊத்திகினே கீது. கொயந்தை வந்துடுச்சா?"

"இல்ல பாய். செடிக்குப் போட்டிருக்கேன்."

"செடிக்கு ஏசியா? இன்னா சார் பேஜாரு இது!"

விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் உருகிப்போனார். "கொயந்தை மேட்டரா? வுடு சார். நம்ம மச்சான் ஜூஸ் கடை வெச்சிருக்கான். ஐஸ் வாங்கியாறேன், வேருல வை."

வைத்தான். இலை கறுத்தது.

"ஐஸ் பத்தல சார்," என்றார் கையூம். இன்னும் ஒரு பக்கெட் வந்தது. மிச்சமிருந்த இலையும் கொட்டியது.

ஆனந்தன் இணையத்தில் விழுந்து தேடினான். குளிர் மண்டல மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுக் குளிரில் தூங்குமாம். தூங்கி எழுந்தால்தான் துளிர்க்குமாம்.

"பாய்! இது சாகல! தூங்குது!"

பாலும் மாவும் தக்காளியும் கையூம் வீட்டுக்குக் குடிபோயின. தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கன்றை ஃபிரிட்ஜுக்குள் நிற்க வைத்தான். ஆபீஸ் கிளம்பும் முன்னும் வந்த பின்னும் கதவைத் திறந்து பார்த்தான். கடைசியில் நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே வெறும் காய்ந்த குச்சி.

செல்போனில் குழந்தை பொக்கைவாயைத் திறந்து சிரித்தது. "ஒரு செடியைக்கூடக் காப்பாத்த வக்கில்லாத அப்பன்டி உனக்கு," என்று சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜில் சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

சொன்னபடி மாமனாரும் அத்தையும் வந்தார்கள். கன்று எங்கே என்று கேட்ட ஆசீர்வாதம், ஆனந்தன் கைகாட்டிய ஃபிரிட்ஜைத் திறந்தார். சில்லிட்டுப்போன குச்சியைத் தொட்டார்.

"பார்த்தீங்களா மாப்ள? வெயில் கொன்னுடுச்சு. ஹெலன்கிட்ட சொல்லிடறேன், இனி குழந்தை மலையிலதான்," என்று போனோடு பால்கனிக்குப் போனார்.

ஆனந்தன் அத்தையிடம் திரும்பினான். "என்னால ஆனதெல்லாம் பண்ணினேன் அத்தை. மலைச் செடியாச்சேன்னு ஐஸுக்குள்ளயே வெச்சிருந்தேனே!"

மார்கரெட் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மலைச் செடியை அன்னிக்கே கீரைக்காரம்மா ஆட்டுக்குப் போட்டாச்சு மாப்ள, நீங்க ஜெயிக்கணும்னுதான், எந்த வெயில்லயும் சாகாத புங்கங்கன்னா பார்த்து ஸ்டேஷன் வாசல்ல வாங்கி வெச்சேன்!"