மாதேஸ்வரன் போட்ட பதினாலு நாள் சட்டம்

இந்த வருஷ மே லீவுக்கு ஒரு பொடிசுகூடத் தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று மாதேஸ்வரன் முடிவு கட்டினார். மனசுக்குள் மேசையை ஓங்கிக் குத்தி அதைச் சொன்னார். நிஜ மேசையைக் குத்தியிருந்தால் மனைவி அறிவுச்செல்விக்குக் கேட்டிருக்கும்.

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் இருபது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவருக்கு, ஓமன் நாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. முதல் பதினாலு நாள் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் பயிற்சி. பதினைந்தாம் நாள் விமானம். அப்புறம் இரண்டு வருஷத்துக்குப் பெண்டாட்டி முகத்தை போனில்தான் பார்க்க வேண்டும். அந்தப் பதினாலு நாளும் அவளும் தானுமாக இருக்க வேண்டும், அவள் கையால் சாப்பிட வேண்டும், சாயங்காலம் சும்மா உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

இடைஞ்சல், மச்சான் சிவக்குமாரின் பிள்ளைகள். அபிநயா, கதிர், கடைக்குட்டி தருண். வருஷா வருஷம் லீவு விட்ட மறுநாளே வெண்ணந்தூரிலிருந்து அத்தை வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். போன வருஷம் அவருடைய ஹெல்மெட்டில் பூனைக்குட்டி வளர்த்தார்கள். எடுக்கப் போனவர் விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

சிவக்குமாருக்குக் கோழிப்பண்ணை. குடியிருப்பதும் பண்ணைக்குள்ளேயே. ஒரு பண்ணையில் புழங்கியவர் இன்னொரு பண்ணைக்குப் போவதானால் சில நாள் தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் கூடவே போய்விடும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். மாதேஸ்வரன் அதைக் கொஞ்சம் இழுத்து நீட்டினார்.

"அறிவு, கம்பெனில இருந்து ரூல்ஸ் வந்திருக்குது. பதினாலு நாளைக்குக் கோழிப்பண்ணைல இருந்து வாரவங்க ஆரும் நான் இருக்கற எடத்துக்கு வரப்படாது. மீறுனா வேல போச்சு."

"ஆருமேங்களா?"

"ஆருமே."

"சின்னப் புள்ளைங்க?"

"அதுங்கதான் ரொம்ப மோசம். கிருமியெல்லாம் அதுங்ககிட்டதான் குடியிருக்குது."

அறிவுச்செல்வி இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். "ரூல்ஸுன்னா ரூல்ஸுதானுங்க. நானும் பண்ணைல பொறந்தவதான" என்றாள்.

அன்று மாதேஸ்வரன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தால், அவருடைய மெத்தை படியேறிக்கொண்டிருந்தது. அடியில் அறிவுச்செல்வி.

"ஏ புள்ள, என்ற மெத்தை எங்க போகுது?"

"மாடி ரூமுக்குங்க. மத்தியானம் புள்ளைங்க வாராங்க."

"வரக்கூடாதுன்னு சொன்னனல்ல?"

"நீங்க இருக்கற எடத்துக்குத்தானுங்க வரக்கூடாது. நீங்க மேல இருங்க. அவங்க கீழ இருக்கட்டும். வேல போயிரக்கூடாது பாருங்க!"

மாடி ரூமுக்குத் தகரக் கூரை. சேலத்து மே வெயிலில் பத்து மணிக்கே தலையணை சுட்டது. கீழே அவருடைய ஏசியில் பிள்ளைகள் போர்வை போர்த்திக் கேரம் ஆடினார்கள். படிக்கட்டின் கடைசிப் படியில் ஒரு அகலத் தட்டு. பண்ணை வாசலில் கால் நனைக்க வைப்பார்களே, அந்த ஊதா மருந்துத் தண்ணீர் அதில் நிறைந்திருந்தது. காவலுக்குக் கதிர். மாதேஸ்வரன் ஒரு கால்விரல் நீட்டினாலே, "மாமா, கால்!" என்று கத்துவான். மூன்றே நாளில் மாமாவின் பாதம் மருந்துக் கறையில் கணுக்கால்வரை பழுப்பேறியது.

சாப்பாடு மாடி ரூம் வாசற்படியில் வைக்கப்பட்டது.

"இன்னிக்கு என்ன?"

"ரசமும் கீரையுங்க."

"கீழ கோழிக்கொழம்பு வாசம் வருதே?"

"நீங்கதான் கோழி பக்கமே போவக்கூடாதுங்களே."

"ஒரு முட்டையாச்சும்?"

"அதைப் போட்டது ஆருங்க?"

மாதேஸ்வரன் பணிந்துவிடுகிற ஆள் இல்லை. ஐந்தாம் நாள் மொட்டை மாடியில் நின்று, "ரூல்ஸ் ரத்தாயிருச்சு!" என்று தெருவுக்கே அறிவித்தார். கீழேயிருந்து அபிநயா, "மெயிலைக் காட்டுங்க மாமா" என்றாள். அவர் ரூமுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். கோபத்தில் சாத்தியதால் காற்றும் வரவில்லை.

பதினைந்தாம் நாள் காலை வாசலில் கார் வந்து நின்றது. புது வெள்ளை ஷூ, புதுச் சட்டை, கருத்துப்போன முகத்தோடு மாதேஸ்வரன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அறிவுச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"அறிவு, அப்படி ஒரு ரூல்ஸே இல்ல" என்றார், மெதுவாக.

"தெரியுமுங்க. மொத நாளே உங்க ஓமன் கம்பெனி மேனேஜரு குருமூர்த்தியண்ணனுக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். நம்ம ராசிபுரத்துக்காரருதான."

"தெரிஞ்சுமா என்னையத் தகரத்துக்கடில காயப் போட்ட?"

"நீங்க ஏனுங்க பொய் சொன்னீங்க?"

"உங்கூடப் பதினாலு நாள் தனியா இருக்கலாம்னுதான்."

அறிவுச்செல்விக்குக் கண் மறுபடி நிறைந்தது.

"இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, நீங்க பிளேன் ஏறுனப்புறம் புள்ளைங்கள அனுப்பச்சொல்லி நானே எங்கண்ணனுக்குச் சொல்லியிருப்பனுங்க."

மாதேஸ்வரன் தகரக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பதினாலு நாள்! ஆனாலும் மூன்று பொடிசுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோற்றதாகக் காட்டிக்கொள்ள முடியுமா? நெஞ்சை நிமிர்த்தினார்.

"போகட்டும்! இனி ரெண்டு வருசம் இந்த மாதேஸ்வரன் ஆருக்கும் அடங்க மாட்டான். ஆரு சொன்னாலும் கேக்க மாட்டான்!" என்று எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி முழங்கிவிட்டு, காரில் ஏறக் காலைத் தூக்கினார்.

கதவுக்குக் கீழே ஊதாத் தண்ணீர்த் தட்டை நகர்த்தி வைத்தான் கதிர். "மாமா, கால்!"

புது வெள்ளை ஷூ இரண்டையும் நனைத்துக்கொண்டுதான் மாதேஸ்வரன் வண்டி ஏறினார்.