மருமகன் எழுபத்தைந்து கிலோ ஆவது குறித்து

கீழ்ப்பிரிவு,
லிந்துலை.
12.07.2025

பெருமதிப்புக்குரிய மச்சான் ஜீவராஜ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை நாகலெட்சுமியின் கணவன் ஆண்டியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. கொழும்பில் தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் மழையைத் தவிர வேறு குறை இல்லை என்று எழுதத்தான் விருப்பம். முடியவில்லை.

கடந்த மார்ச் மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் மகனும் தங்கள் மருமகனுமான துஷாந்த் இனிமேல் தேநீர் குடிப்பதில்லை என்று அறிவித்தான். நாகலெட்சுமி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். நான் ரேடியோவை அணைத்தேன். நமது குடும்பத்தில் நான்கு தலைமுறையாகத் தேநீரை விட்டவர் எவரும் இல்லை. எல்லோரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். காரணம் கேட்டேன். "சாயம் குடிச்சா புரோட்டீன் ஒடம்புல ஒட்டாதாம்ப்பா" என்றான். "யாருடா சொன்னா?" என்றேன். "ஜீவா மாமாதான்" என்றான். அத்தோடு விசாரணை முடிந்தது. நாகலெட்சுமி முன்னிலையில் தங்கள் பெயர் வந்த பிறகு இந்த வீட்டில் எந்த விசாரணையும் நடப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரமே தாங்கள் பஸ்ஸில் அனுப்பிவைத்த புரோட்டீன் மா வாளி வந்து சேர்ந்தது. வாளியின் மேல் படத்திலிருந்த வெள்ளைக்காரனுக்குக் கழுத்தைக் காணவில்லை. கூப்பிட்டால் எப்படித் திரும்பிப் பார்ப்பான் என்று நாகலெட்சுமி இரண்டு நாள் கவலைப்பட்டாள். ஓகஸ்ட் மாதம் ஹட்டனில் பாரம் தூக்கும் போட்டி இருப்பதும், அதில் பெரிய ஆட்களோடு நிற்க வேண்டுமென்றால் துஷாந்த் எழுபத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும் என்பதும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பையன்களோடு நிற்க நேரிடும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. மூடிக்கிடக்கும் பிள்ளைக் காம்பராவில், முன்பு கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டிய இடத்தில், பெயின்ட் வாளிகளில் சீமெந்து ஊற்றிக் குழாயில் கோர்த்துத் தூக்க ஆரம்பித்தான். தூக்கும்போது அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு, காம்பரா மறுபடி திறந்துவிட்டார்கள் என்று ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

எடை பார்ப்பதற்கு நான் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாகக் கொழுந்து நிறுத்தவன். நான் ஓய்வுபெற்ற அன்று தேயிலைத் தோட்டத்துத் துரை கொடுத்த பழைய தொங்குதராசை வாசல் உத்தரத்தில் மாட்டினோம். ஞாயிறுதோறும் துஷாந்த் கொக்கியை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்குவான். முகத்தை மேலே தூக்க முடியாதாகையால் முள்ளை நான் பார்த்து, கொப்பியில் எழுதி, எண்ணை உரக்கச் சொல்வேன். முதல் வாரம் அறுபத்தெட்டு. இரண்டாம் வாரம் அறுபத்தெட்டு. தங்களுக்குத் தொலைபேசி எடுத்தான், "கூட்டு" என்றீர்கள். கூட்டினான். நாளுக்கு மூன்று தடவை மா, பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, கோழி நெஞ்சுக்கறி, சோயா. மஞ்சள் கரு ஆகாதாம். அதை வெளியே கொட்டுவதற்கு நாம் பங்களாவில் பிறந்தவர்கள் அல்லர் என்பதால் அந்தப் பன்னிரண்டையும் தேங்காயெண்ணெயில் பொரித்து நாகலெட்சுமி எனக்கு வைத்தாள். ஐந்தாம் வாரமும் அறுபத்தெட்டு. மறுபடி "கூட்டு" என்றீர்கள். இப்படிப் பதினைந்து வாரம். சட்டைகள் மட்டும் தோளில் கிழிந்துகொண்டிருந்தன. தையல் மட்டம் என்று நினைத்தோம்.

இதற்கிடையில் அவனுக்கு மலச்சிக்கல் கண்டது. வாயுவும் கண்டது. லயத்தில் அடுத்த வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு சுவர்தான் என்பதால், அதைப் பற்றி முதலில் பேசியவர் பக்கத்து வீட்டு வியாகுலம் மாஸ்டர். "அண்ணே, நாங்க செபமாலை சொல்றப்ப ஒங்க பக்கம் இருந்து ஒவ்வொரு மணிக்கும் பதில் வருது" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம், ஆனால் அவர் நாளிதழை விளம்பரம் உட்பட வாசிப்பவர். குரலைத் தாழ்த்தி, "தம்பிக்கு ஒண்ணுக்குப் போனா நொரைக்குதா?" என்றார். பார்த்ததில்லை என்றேன். "பாருங்க. கிட்னி சத்தம் போடாமப் போற சாமான். இன்னைக்கு முட்டை, பத்து வருசத்துல ரத்தம் கழுவுற மெசின்" என்றார். பார்த்தேன். நுரைத்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மஞ்சள் கரு மட்டும்தான் இறங்கியது.

தலவாக்கலையில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற பெயருக்கு எதிரே மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுத் தந்தார்கள். நாகலெட்சுமி அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். ஒரே பிள்ளை, மச்சான். கடந்த திங்கட்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டரிடம் விடுவதற்கு முன் தாதி மிஸ் எடை பார்த்தார்.

"எழுபத்தொன்பது" என்றார்.

"இருக்காதுங்க மிஸ். அறுபத்தெட்டு. நேத்துத்தான் நிறுத்தேன்."

அவர் தராசைத் தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். எழுபத்தொன்பது. டொக்டர் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். எப்படி நிறுத்தீர்கள் என்று கேட்டார். இதில் மறைக்க என்ன இருக்கிறது? முள் காட்டியதில் சாக்குக்கு இரண்டு, உடுப்புக்கு இரண்டு, மழை ஈரத்துக்கு மூன்று, பாரம் கூடினால் அதற்கொரு நான்கு, ஆகப் பதினொன்று கழித்தேன் என்றேன்.

"சாக்கா? இவரு சாக்குலயா தொங்குனாரு?"

"இல்லீங்க. அது கொழுந்துக்கு வழக்கமாக் கழிக்கிறது."

"மனுசனுக்கு என்னங்க ஈரம்?"

"லிந்துலையில எல்லாத்துக்கும் ஈரம் இருக்குங்க டொக்டர்."

டொக்டர் பேனாவை மூடினார். துஷாந்த் என்னை ஒரு பார்வை பார்த்தான். மே மாதமே எழுபத்தைந்தைத் தாண்டியவனை, போதவில்லை போதவில்லை என்று சொல்லி நான்தான் தின்ன வைத்தேன் என்பது அந்தப் பார்வையின் பொருள். முதல் வாரமே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருடம் கழித்த கை. கொக்கியில் தொங்குவது கூடையா மகனா என்று அது பார்ப்பதில்லை. பிள்ளை பெருக்கப் பெருக்கக் கழிவும் பெருகியிருக்கிறது.

டொக்டர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். நல்ல கிட்னி இதை ஓரிரு வருடம் தாங்கும் என்பதைப் பார்த்திருக்கிறார்களாம். ஏற்கெனவே பழுதான கிட்னிக்கு ஆகாதாம். இருபது வருடம் இப்படியே தின்று தூக்கினால் என்ன ஆகும் என்பதை ஒழுங்காக யாரும் பார்த்து முடிக்கவில்லையாம். "அதுனால வாளியில எழுதினவருக்கும் தெரியாது, ஒங்க மாஸ்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்க மூணு பேரும் மட்டும் எப்படித் தெரிஞ்ச மாதிரி நடந்தீங்க?" என்றார். துஷாந்த், நான், மூன்றாவது ஆள் தாங்கள். தசை அதிகம் உள்ளவர்களுக்கு அந்த அம்புக்குறி சும்மாவே மேலே போவதும் உண்டாம். நான்கு நாள் மாவும் இறைச்சியும் பாரமும் இல்லாமல் இருந்து மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னார். நேற்றுக் காலை கொடுத்தோம். எழுபத்தொன்பது கிலோ ஊசிக்குப் பயந்ததால் துணைக்கு நானும் கையை நீட்டி இரத்தம் கொடுத்தேன்.

இதற்குள் விஷயம் கொழுந்து எடுக்கும் மலைக்குப் போய்விட்டது. இரண்டு நாளைக்கு முன் பாதையில் என்னை மறித்தாள் அம்மாக்கண்ணு; என்னிடம் இருபது வருடம் கொழுந்து நிறுத்தவள், இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஏழெட்டுப் பேர். "ஏங்கய்யா, பெத்த புள்ளைக்கே பதினொண்ணு கழிச்சீங்களாமே. அப்ப எங்களுக்கு எம்புட்டுக் கழிச்சிருப்பீங்க?" என்றாள். அது தோட்டத்து வழக்கம் என்றேன். "நாங்களும் பாரந்தானய்யா தூக்குனோம். ரொட்டியும் சம்பலும் தின்னுட்டு இருவது கிலோவ முதுகுல போட்டு மலை ஏறுனோம். எங்களுக்கு எந்த மாமன் வாளி அனுப்புனான்? எங்க கிட்னிய எந்த டொக்டரு பாத்தாரு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அது இந்தக் கடிதத்தின் பொருளுக்கு அப்பாற்பட்டதாகையால் நான் பதில் சொல்லவில்லை.

இனி தங்களிடம் வேண்டுவது. மேற்கொண்டு வாளி அனுப்பக் கூடாது. இருக்கும் வாளியை வந்து எடுத்துப் போக வேண்டும். அம்புக்குறி இறங்காவிட்டால், துஷாந்துக்கும் தங்களுக்கும் இரத்தப் பிரிவு ஒன்றே என்று நாகலெட்சுமி கண்டுபிடித்திருக்கிறாள். குடும்பமாகக் கூடித் தாங்களே கிட்னி கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். வலதா இடதா என்பதைத் தங்கள் விருப்பத்துக்கே விடுகிறோம்.

தங்களுக்கும் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளும், முக்கியமாகத் தங்களுக்குத் தேக ஆரோக்கியமும் கிடைக்க இறம்பொடை அனுமாரை வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மு. ஆண்டியப்பன்
(ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை)

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ரிப்போர்ட்டுகள் வந்துவிட்டன. துஷாந்துக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டுமாம். ஆகவே கிட்னி தேவையில்லை. தாங்கள் வரவும் வேண்டாம். போட்டி நெருங்குவதால் வாளி ஒன்று அனுப்பவும், சொக்லட் ருசி. என்னுடைய கொலஸ்ட்ரோல் 312. செவ்வாய்க்கிழமை எனக்குக் கிளினிக்.