துருப்பிடிக்கக் கூடாத திறமைகள்

விடுதி அறையில் முதல் நாள் நடந்த பேச்சு இது.

"உன் நோட்டைக் காட்டு, பார்ப்போம்."

அமைதி நோட்டை நீட்டினாள். அமைதி என்பது பிறகு விடுதி வைத்த பெயர். இரண்டு மொழிகளில் படித்தவள், இரண்டிலும் பேசமாட்டாள்.

"அடியே, இது கையெழுத்தா, அச்சா? இதையா மறைச்சு வச்சிருந்தே?"

"இல்ல... சும்மா எழுதுவேன்."

"சும்மா எழுதவா இப்படி ஒரு கை? பயன்படுத்தலைன்னா திறமை துருப்பிடிச்சிடும்டி. பாவம், என் ரெக்கார்டு நோட்டு காலியாத்தான் கிடக்கு. எடுத்துக்கோ."

"தேங்க்ஸ்" என்றாள் அமைதி. ஆமாம், அவள்தான் நன்றி சொன்னாள்.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். இவர்கள் திறமை கண்டெடுப்போர். கல்லூரிக்குக் கல்லூரி, விடுதிக்கு விடுதி இருப்பார்கள். அமைதியிடம் காலி நோட்டைத் தள்ளிவிட்ட இவளுக்கு விடுதியில் மேனேஜர் என்று பெயர். "உங்களுக்குள் இருக்கும் இயற்கையான திறமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று முதல்வர் வரவேற்புரையில் சொன்னபோது கொட்டாவி விடாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். யாருடைய திறமையை என்று முதல்வர் தெளிவாகச் சொல்லவில்லை.

எதிர்க் கட்டிலில் இருந்த நெட்டைக்குக் கொடி கட்டித் துணி காயப்போடும் திறமை இருப்பதையும், விடியற்காலையில் தானாக விழித்துக்கொள்ளும் குட்டைக்குக் குளியலறை வரிசையில் இரண்டு வாளி வைக்கும் திறமை இருப்பதையும், பக்கத்து அறைக்காரிக்கு எந்தக் குரலிலும் "பிரசன்ட் மேடம்" சொல்லும் அபூர்வத் திறமை இருப்பதையும், சரியாக ஒரே வாரத்தில் மேனேஜர் கண்டுபிடித்துவிட்டாள். சரி, அவளுக்கு என்ன திறமை? அதைக் கேட்டுவிடாதீர்கள். "உங்களையெல்லாம் பார்த்தா பொறாமையா இருக்குடி. எனக்குன்னு ஒண்ணுமே வராது" என்பாள். கண் கலங்கும். உடனே ஒருத்தி ஓடிவந்து தலை வாரிவிடுவாள்.

பருவம் முடியும் நேரம் வந்தது. திங்கட்கிழமைக்குள் வேதியியல் ரெக்கார்டு கொடுக்காதவர்களுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது; ஒரு வருடம் போய்விடும். அமைதி முதலில் மேனேஜரின் நோட்டை எழுதி முடித்தாள். பிறகு தன் நோட்டை எழுதினாள். பழகிய கை அல்லவா? தன் நோட்டின் அட்டையிலும் மேனேஜரின் பெயரையும் எண்ணையும் அழகாக எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டது.

திங்களன்று பேராசிரியை இரண்டு நோட்டுகளையும் ஆய்வக மேசைமேல் வைத்தார்.

"ஒருத்திக்கு ரெண்டு ரெக்கார்டு. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுகூட இல்ல. என்னம்மா இது?"

அமைதிக்கு ஒரு வருடம் கண்முன்னே நழுவிக்கொண்டிருந்தது.

"ரெண்டுமே என்னோடதுதான் மேடம்" என்றாள் மேனேஜர். "ஒண்ணு பயிற்சிக்கு எழுதினது."

"அடேயப்பா! எங்கே, இந்தத் தாள்ல நாலு வரி எழுது."

மேனேஜர் பேனாவை வாங்கினாள். வாங்கிய வேகத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், அதை அமைதியிடம் நீட்டினாள். கொடுமை என்னவென்றால், அமைதியும் வாங்கிவிட்டாள். தாளைக்கூட நேராக்கினாள். அப்புறம்தான் உறைத்தது.

"முடியாது. நீயே எழுது" என்றாள். ஒருவேளை புரியாமல் போய்விடப் போகிறதே என்று இன்னொரு மொழியிலும் சொன்னாள்.

மேனேஜர் எழுதினாள். கோழி கிளறிய குப்பைமேடு அதைவிட வரிசையாக இருக்கும். பேராசிரியை ஒரு நோட்டின் அட்டையில் பெயரை அடித்து, அமைதியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் புதன்கிழமைக்குள் முழு ரெக்கார்டையும் அவர் கண்ணெதிரே உட்கார்ந்து எழுத வேண்டும். கூடவே ஒரு மன்னிப்புக் கடிதமும் கொடுக்க வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். "நீ டீ போட்டாத்தான் டீ மாதிரி இருக்கு" என்று வீட்டில் யாரிடமோ கடைசியாக எப்போது சொன்னீர்கள்? இன்று காலையிலா? எழுந்துபோய் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் இந்த இனம் லேசில் திருந்தாது. அன்று ஆய்வகப் படிக்கட்டில் அமைதியின் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்து, மேனேஜர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ரெக்கார்டை நானே எழுதிக்கறேன், போ. அந்த மன்னிப்புக் கடிதத்தை மட்டும் நீ எழுதிக் கொடேன். நான் எழுதினா பொய் மாதிரியே இருக்கும்டி. உனக்குன்னா மனசுலேருந்து வரும்."