தவளைக்கும் வந்த உயிர்க்காற்று

சீனாவின் ஜிகோங் நகரத்தில் முடங்கிக் கிடந்த கைகால்களுக்கெல்லாம் அந்த வசந்தத்தில் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று பேச்சு. பழைய தேநீர்க் கடை மாடியில் யின் குரு வந்து இறங்கியிருந்தார். ஒன்பதாம் தலைமுறை வைத்தியராம். ஊசி குத்துவார், ஆனால் கையில் ஊசி இருக்காது. மூன்று முழம் தள்ளி நின்று, கண்ணை மூடி, உள்ளங்கையால் 'உயிர்க்காற்றை'த் தள்ளுவார். மரக்கட்டையாய்க் கிடந்த விரல் துள்ளும். அவருக்கு முந்தைய எட்டுத் தலைமுறையும் நிஜ ஊசியை வைத்துக்கொண்டு வீணாக மாரடித்திருக்கிறது, பாவம்.

காலை ஆறு மணிக்கே வரிசை. வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஆறு முட்டை இலவசம். படிக்கட்டில் நிற்கும் இரண்டு பெண்கள் எல்லாரையும் "அப்பா", "அம்மா" என்று கூப்பிட்டு, உட்காரவைத்துக் கால் பிடித்துவிடுவார்கள். பெற்ற பிள்ளைகள் தூரத்துத் தொழிற்சாலையிலிருந்து மாதம் ஒருமுறை போன் செய்கிறார்கள். இங்கே தினமும் கால் பிடிக்க ஆள். முட்டை வாங்க வந்தவர்கள் நாற்பத்தொன்பது நாள் சிகிச்சைக்குச் சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்படிக் கொடுத்தவர்களில் பான் யூமிங்கும் ஒருவர். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். குளிர்காலத்தில் பக்கவாதம் அடித்து வலது பக்கம் விழுந்தது. கால் தேறிவிட்டது, கைதான் தகராறு செய்தது. மருத்துவமனையில் மியாவ் என்ற பெண் மருத்துவர் முதலில் ஊசி குத்துவார். பிறகு ஒரு மணி நேரம் பயிற்சி. மேஜைமேல் துணியைத் தள்ளுவது, மரக்கட்டையை நகர்த்துவது, சுவரில் விரலால் ஏறுவது. வியாழக்கிழமைதோறும் மணிக்கட்டில் கோணமானி வைத்து அளந்து எழுதிக்கொள்வார். குணமாவது ஊசியாலா பயிற்சியாலா என்று பான் ஒருநாள் கேட்டார். "அதத்தான் அளந்துக்கிட்டிருக்கோம்" என்று அந்த அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். அங்கேதான் கோட்டை விட்டார். உண்மைக்கு எந்த ஊரில் வரிசை நின்றிருக்கிறது?

யின் குருவிடம் மரக்கட்டை கிடையாது. சாய்ந்து உட்கார்ந்தால் போதும். பயிற்சி செய்தால் உயிர்க்காற்று விரல்நுனி வழியாக ஒழுகிப் போய்விடும் என்றார். சின்னப் பிள்ளைபோலக் கட்டை நகர்த்திக் கூசிப்போயிருந்த பானுக்கு இது தேனாக இனித்தது. மருத்துவமனைப் பக்கம் போவதையே விட்டார்.

மூன்று வாரம் ஆயிற்று. குருவின் மாடி மேடையில் விரல் துள்ளியது, கூட்டம் கை தட்டியது. வீட்டிலோ கை நாளுக்கு நாள் இறுகி முஷ்டியாக மூடிக்கொண்டது. உள்ளங்கையைக் கழுவுவதற்கு அவர் மனைவி தெங் கைரோங் ஒவ்வொரு விரலாக நெம்பிப் பிரிக்க வேண்டியிருந்தது. நகம் சதையில் பதிந்து புண்ணாகியிருந்தது. சந்தையில் எதிர்ப்பட்ட மியாவ் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார்:

"அக்கா, இன்னும் சில மாசம் இப்படியே விட்டீங்கன்னா மூட்டு இறுகிடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் அந்தக் கைய விரிக்க முடியாது."

அன்று சாயந்திரமே கைரோங் பேச்சை எடுத்தாள். பான் சீறினார்.

"மேடையில துள்ளுறத நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேன். வீட்டுல ஒருநாளாச்சும் துள்ளுச்சா?"

"வீட்டுல நம்பிக்கையில்லாத ஒருத்தி இருக்கா. அதான் காத்து உள்ள வரமாட்டேங்குது."

கைரோங்குக்குச் சந்தையில் தவளைக் கடை. மிளகாயில் குளித்த தவளை இல்லாமல் ஜிகோங்காரர்களுக்கு விருந்து இறங்காது. தினமும் நூறு தவளை உரிக்கிறவள். தோல் உரித்துத் தலை எடுத்த கால்கூட உப்புப் பட்டால் உதைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். உதைத்த கால் எதுவும் எழுந்து குளத்துக்குத் திரும்பியதில்லை என்பதும் தெரியும்.

மறுநாள் துணைக்கு என்று அவளும் மறுபடி மாடிக்குப் போனாள். வாயைத் திறக்கவில்லை, கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள். யாராக இருந்தாலும் முன்னங்கையை ஒரு பச்சைப் பட்டு மெத்தைமேல்தான் வைக்க வேண்டும். மெத்தையில் இரண்டு துணிப்பட்டைகள். அவற்றை மூலிகை நீரால் நனைக்க வேண்டும். அந்த நீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்பது தலைமுறை ரகசியம், சுத்தமான சமையல் உப்பு.

அதற்கு அடுத்த நாள் ஒரு பையோடு வந்தாள். பானின் முறை வந்தது. மூலிகை நீரை நானே தடவுகிறேன் என்று பணிவாகக் கேட்டு வாங்கித் தாராளமாகத் தடவினாள். குரு மூன்று முழம் தள்ளி நின்றார். மூச்சை இழுத்தார். வழக்கப்படி கண்ணை மூடினார். கைரோங் கணவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பையிலிருந்து, அப்போதுதான் உரித்த ஒரு ஜோடித் தவளைக் காலை எடுத்து மெத்தைமேல் வைத்தாள்.

குரு உள்ளங்கையைத் தள்ளினார். தவளைக் கால் விறுக்கென்று உதைத்தது. இன்னொரு தள்ளு, இன்னொரு உதை. வழக்கமான கை தட்டல் மட்டும் கேட்கவில்லை. பக்திப் பரவசம் போலும் என்று நினைத்த குரு, கண்ணைத் திறக்காமலே கணீரென்று அருள்வாக்குச் சொன்னார்:

"உயிர்க்காத்து வந்திருச்சு. நம்பினவங்கள அது கைவிடாது. மூணே மாசத்துல இந்தக் கை எழுதும்."

"குருவே," என்றாள் கைரோங், "இது மத்தியானம் மிளகாய்ச் சட்டிக்குப் போகவேண்டியது. மூணு மாசம் தாங்காதே. என்ன பண்றது?"

குரு கண்ணைத் திறந்தார். யாரோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவிப் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்குப் போயிற்று. அதற்குள் கைரோங் தவளை உரிக்கும் கத்தியால் மெத்தையைக் கீறியிருந்தாள். பஞ்சுக்கு நடுவில் நான்கு பேட்டரி, ஒரு சின்னப் பெட்டி, இரண்டு கம்பி. அதை இயக்கும் பொத்தான் குருவின் காலடிக் கம்பளத்துக்கு அடியில் இருந்தது. அது உயிர்க்காற்றுக்கு ஊக்கம் கொடுக்கும் கருவி என்று அவர் விளக்க ஆரம்பித்தார். கால் பிடித்த மகள்களில் ஒருத்தியையும் காணவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பாட்டி, இன்றைக்கு முட்டை உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கொடுத்த பணத்தைத் திருப்பி வைக்கச் சொல்லி மற்றவர்கள் குருவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பான் தன் முஷ்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியிடம், "மியாவ் டாக்டர் திட்டுவாங்களா?" என்று கேட்டார்.

மியாவ் திட்டவில்லை. அளந்தார். மூன்று வாரத்தில் மணிக்கட்டு விரிவதில் பன்னிரண்டு பாகை குறைந்திருந்தது. அதை எழுதிக்கொண்டார். மெத்தைக்குள் இருந்த பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதே மாதிரி கருவி இங்கயும் இருக்கு. நாங்க கரண்ட்டுனு சொல்லித்தான் வெப்போம்" என்றார். ஊசி குத்தினார். மரக்கட்டையை எடுத்து முன்னால் வைத்தார்.

பான் கட்டையைத் தள்ளினார். அலுத்துக்கொண்டே தள்ளினார், முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். ஏழாவது வியாழக்கிழமை கட்டைவிரல் ஒரு விரற்கடை அளவு தானாகத் திறந்தது. கை தட்ட அங்கே கூட்டமில்லை. பான் மட்டும் சந்தேகத்தோடு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றாள் கைரோங். "நீங்கதான்."

முடங்கிய கைக்கு மருத்துவமனை இருக்கிறது, கோணமானி இருக்கிறது, பொறுமையான ஒரு மியாவ் இருக்கிறார். முடக்கிப் போட்ட மூளைக்கு அவரவர்தான் பயிற்சி கொடுத்தாக வேண்டும். அதற்கு எந்தக் குருவும் மூன்று முழம் தள்ளி நின்று காற்றுத் தள்ள முடியாது.