சித்தப்பாவுக்குக் காவல் இருந்த சங்கராந்தி

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். பூனாவில் வாகட் பகுதி முதியோர் இல்லத்தில் இருக்கும் என் சித்தப்பா இனிப்பு சாப்பிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. ஞாயிற்றுக்கிழமை விமான் நகரில் பேத்திக்கு நிச்சயதார்த்தம். இந்த வாரம் சர்க்கரை ஒழுங்காக இருந்தால்தான் வெளியே விடுவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடுவில் வந்து நின்றது சங்கராந்தி.

நமக்குப் பொங்கல் என்றால், பூனாவில் அன்று தில்குல். எள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை. பார்க்கிறவர் கையிலெல்லாம் ஒன்றை வைத்து, சாப்பிட்டு இனிமையாகப் பேசுங்கள் என்பார்கள். வேண்டாம் என்றால், உங்களோடு இனிமையாகப் பேச எனக்கு உத்தேசமில்லை என்று அர்த்தம்.

சித்தப்பா மகள் உஷா முந்தின நாளே போன் செய்தாள். "சேகர் அண்ணா, அப்பா யார் குடுத்தாலும் கையை நீட்டிடுவார். பக்கத்துலயே உக்காந்துக்கோங்க."

அவர் அறையில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வந்தவர்கள் உருண்டையை நீட்டும்போதெல்லாம் சித்தப்பாவுக்கு முன்னால் என் கையை நீட்டினேன். முதலில் மரியாதைக்காகச் சாப்பிட்டேன். வயிறு மறுத்ததும் பையில் போட்டேன்.

"கஸ்டம்ஸ்ல என்கூட வேலை பார்த்தவன்கூட இவ்வளவு பறிமுதல் பண்ணதில்லடா" என்றார் சித்தப்பா.

அவர் கண் பையிலேயே இருந்தது. அதனால் கீழே போய் அதை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். என் திறமை எனக்கே பெருமையாக இருந்தது.

கீழே ஹாலில் பாட்டு, அதற்கப்புறம் பேச்சு, அதற்கு நன்றி சொல்லி இன்னொரு பேச்சு. ஊசி மட்டும் வழக்கமான நேரத்துக்குப் போட்டாகிவிட்டது. விழா முடியாததால் சாப்பாடு வரவில்லை. தலை கிறுகிறுவென்று வருகிறது என்றார் சித்தப்பா. நடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனாலும் உருண்டை கிடையாது என்றேன்.

கொஞ்ச நேரத்தில் என்னை என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையைப் பிடித்தேன். சில்லென்று வேர்த்து நடுங்கியது. சிஸ்டரைக் கூப்பிட ஓடினேன்.

சிஸ்டர் வந்து விரலில் குத்திப் பார்த்தார். ஐம்பத்தாறு. உடனே ஏதாவது இனிப்பு கொடுங்கள் என்றார்.

"சிஸ்டர், இவருக்கு சர்க்கரை வியாதி" என்று அவருக்குத் தெரிவித்தேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊசி போட்டதே தான்தான் என்றும், சாப்பாடு தாமதமானதால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றும், இன்னும் இறங்கினால் நினைவு தப்பிவிடும் என்றும் ஹிந்தியில் ஒரே மூச்சில் சொன்னார்.

ஊரெல்லாம் தில்குல். அந்த அறையில் மட்டும் ஒரு எள் கிடையாது. அவ்வளவு சுத்தமாகக் காவல் காத்திருந்தேன்.

குளுக்கோஸ் எடுக்க சிஸ்டர் திரும்பியபோது, பக்கத்துக் கட்டில் ஜோஷி தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். ஆகுர்டி தொழிற்சாலையில் போர்மேனாக இருந்தவர், அவரும் சர்க்கரைக்காரர். கூட்டில் கண்ணாடி இல்லை. விளிம்பு வரை சர்க்கரை.

"டீக்கு" என்றார், சுவரைப் பார்த்து.

சிஸ்டர் அதைத் தண்ணீரில் கரைத்து வாய் வாயாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

"டேய் சேகர், நீ இன்னுமா கிளம்பல?" என்றார் சித்தப்பா.

என் பெயரை அவர் அவ்வளவு சலிப்போடு சொல்லி, நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சுடச்சுடச் சாப்பாடு வந்தது. ஜோஷியின் கூடு பறிமுதலானது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரோ ஊசியின் அளவைக் குறைத்தார். இந்த வயதில் கொஞ்சம் ஏறினால் சமாளிக்கலாம், இப்படி இறங்கினால்தான் ஆபத்து என்றார். நேரத்துக்குச் சாப்பாடு, விவரம் தெரிந்த ஒரு துணை, அந்தத் துணையின் பையில் கொஞ்சம் சர்க்கரை, இவ்வளவும் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

அந்தத் துணை நான்தான் என்று எழுந்து நின்றேன்.

ஸ்பீக்கர் போனில் இருந்த உஷா, "அப்பாவுக்குத் துணையா ஜோஷி காகாவை வரச் சொல்லிட்டேன், அண்ணா" என்றாள்.

அப்படியானால் நிச்சயதார்த்த விருந்தில் ஜோஷிக்குக் காவல் யார் என்று கேட்டேன். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.