புரவி சுமக்க ஒரு எக்கோ

புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, சேவுகனின் இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்று இலவச மருத்துவ முகாமில் எக்கோ ஸ்கேன் எடுத்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'பிறவிக் கோளாறு, சந்தேகம்.' இருபது வருடமாக அய்யனார் கோயிலுக்கு மண்குதிரையை முன்வரிசையில் சுமக்கிற மனிதனுக்கு இது தேவையா, சொல்லுங்கள்.

வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னாள் மனைவி சொர்ணவல்லி. இந்த ஆள் கேட்டால்தானே? மெஷின்தான் பொய் சொல்கிறது என்று டீக்கடையில் நின்று சத்தம் போட்டார். சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடி, அவர் இடத்தில் பங்காளி கோபிநாத் நிற்கட்டும் என்று முடிவு செய்துவிட்டது.

சேவுகனுக்கு வயிறு எரிந்தது. "அப்ப தோள் குடுக்குற ஆம்பள அத்தன பேரும் எக்கோ எடுங்க. கோளாறுன்னு வந்தவுங்க யாரும் குதிரையத் தொடக்கூடாது" என்றார். ஊரும் நியாயம்தான் என்றது.

மறுநாள் அதே முகாமில், தோள் கொடுக்க வேண்டிய எட்டு பேரும் சட்டையைக் கழற்றிப் படுத்தார்கள். கோபிநாத்துக்கு ஏதோ சவ்வு, ஒருவருக்கு வலை மாதிரி நூல், இன்னொருவருக்குத் தசைக்கட்டு. எட்டு பேருக்கும் 'சந்தேகம்'. மற்ற ஆண்கள் பரிசோதனை என்றதுமே பயந்து ஒதுங்கிவிட்டார்கள். தூக்க ஆளில்லாமல் குதிரை நின்றது. ஊரே சேவுகனை வைதது.

விடுவாரா மனிதர்? எடுப்பு நாளன்று விடியற்காலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய், இதய டாக்டர் பிரகதீஸ்வரியிடம் நெஞ்சைக் காட்டினார்.

"தாய் வயித்துல எல்லாருக்கும் இருக்குற சவ்வுங்க இது. சிலருக்கு மறையாம நின்னுடும். படத்துல பாக்க ஓட்டை மாதிரியே தெரியும். நோயே இல்ல" என்றார் டாக்டர், மறுபடி எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு.

"அத அப்படியே எழுதி சீல் வச்சுக் குடுங்க."

காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடிவந்தால், கொட்டுச் சத்தத்தோடு குதிரை எதிரே வருகிறது. முன்வரிசையில், அவருடைய இடத்தில், சேலையை வரிந்து கட்டிய சொர்ணவல்லி. கூடவே கோபிநாத் பெண்டாட்டியும் இன்னும் ஆறு பெண்களும்.

"பொம்பளைங்க தூக்குறதாவது? எறக்குங்க. எனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

"நீங்க ஒத்த ஆளா தூக்கிருவீங்களா? வழிய விடுங்க" என்றாள் சொர்ணவல்லி. நடை நிற்கவில்லை.

சேவுகன், குதிரையைச் செய்த வேளார் செம்மலிடம் நியாயம் கேட்டார். வேளார் நிதானமாகச் சொன்னார்:

"கோளாறுன்னு வந்தவுங்க தொடக்கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க. இவுங்க யாருக்கும் வரல. இவுங்களுக்கும் எடுத்துப் பாக்கணும்னு இன்னைக்கி வரைக்கும் நம்ம ஒருத்தருக்கும் தோணலையே."